சிசிடிவி கொட்டேஷனில் 2 எம்பி, 3.6 எம்எம், 1080என், 3+1 கேபிள் என்றெல்லாம் இருக்கிறதே, எதைக் கவனித்து வாங்குவது?

கேள்வியில் நீங்கள் கொடுத்திருக்கும் கொட்டேஷன் இது: “2 எம்பி புல்லட் கேமரா, 3.6 எம்எம், ஐஆர் 20 மீட்டர் – 4. டிவிஆர் 4 சானல், 1080என், எச்.265+, ஹார்டு டிஸ்க் 1 டெராபைட், 3+1 கேபிள் 90 மீட்டர், எஸ்எம்பிஎஸ் 5 ஆம்பியர், மொபைல் வியூ இலவசம்.” தெருவைப் பார்த்த மளிகைக் கடை, உள்ளே கல்லா, பின்னால் கிடங்கு. எதில் பேரம் பேசலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைக்குப் போகிற எல்லோரும் எம்பியைத்தான் முதலில் கேட்பார்கள். ஆனால் திருட்டுப் போன மறுநாள் திரையில் ஆள் முகம் தெரியுமா தெரியாதா என்பது அதற்கு அடுத்து எழுதியிருக்கும் 3.6 எம்எம் என்ற லென்ஸ் அளவிலும், யாரும் படிக்காமல் விடும் 1080என்னிலும்தான் இருக்கிறது.

2 எம்பி, அதாவது 2 மெகாபிக்சல் என்றால் படத்தில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080. 4 எம்பி என்றால் குறுக்கே 2560, 5 எம்பியில் பெரும்பாலும் 2592, 8 எம்பியில் 3840. இந்தப் புள்ளிகள் எவ்வளவு அகலமான இடத்தில் பரவுகின்றன என்பது லென்ஸைப் பொறுத்தது. லென்ஸின் எம்எம் (குவிய தூரம்) குறைந்தால் பார்வை விரியும், எதிரில் இருப்பது சிறிதாகும். எம்எம் கூடினால் பார்வை குறுகும், எதிரில் இருப்பது பெரிதாகும். கடைகளில் விற்கும் 2 எம்பி கேமராக்களின் சென்சார் சுமார் 5.4 மில்லிமீட்டர் அகலம். அதனால் கணக்கு எளிது: தூரத்தை 5.4 ஆல் பெருக்கி லென்ஸ் எம்எம்மால் வகுத்தால், அந்தத் தூரத்தில் கேமரா எத்தனை மீட்டர் அகலத்தைப் பார்க்கிறது என்று கிடைக்கும். 10 மீட்டர் தள்ளி, 3.6 எம்எம்மில், 15 மீட்டர் அகலம். 1920 புள்ளிகளை 15 மீட்டருக்குப் பங்கிட்டால் மீட்டருக்கு 128.

கேமராவின் விவரத் தாளான டேட்டாஷீட்டில் ‘டோரி’ என்று ஓர் அட்டவணை இருக்கும். ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தை ஒட்டியது அது. மீட்டருக்கு 25 புள்ளி இருந்தால் யாரோ நடமாடுகிறார் என்று தெரியும். 62 அளவில் உடை, நடை தெரியும். 125 இருந்தால், ஏற்கெனவே பழகிய ஆளை இன்னார் என்று சொல்லலாம். முன்பின் பார்க்காத ஆளை அடையாளம் காட்ட 250 வேண்டும். உங்களுக்கு வேண்டியது இந்தக் கடைசி எண். 2 எம்பியில் 250 புள்ளி கிடைக்கும் தூரம் தோராயமாக: 2.8 எம்எம்முக்கு 4 மீட்டர், அதாவது 13 அடி, 3.6 எம்எம்முக்கு 5 மீட்டர், 17 அடி; 6 எம்எம்முக்கு எட்டரை மீட்டர், 28 அடி; 12 எம்எம்முக்கு 17 மீட்டர். இதெல்லாம் நல்ல வெளிச்சத்தில், லென்ஸ் சுத்தமாக இருக்கும்போது. இரவில் இதில் பாதியை எதிர்பார்ப்பதுதான் நியாயம்.

இப்போது 1080என். பார்க்க 1080பி போலவே இருக்கும், வேறு எண். 1080பி என்றால் 1920 × 1080. 1080என் அல்லது ‘1080பி லைட்’ என்றால் டிவிஆர், அதாவது பதிவுப் பெட்டி, பதிவு செய்வது 960 × 1080 மட்டும். குறுக்குவாட்டில் பாதிப் புள்ளிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, திரையில் காட்டும்போது இழுத்து விரித்துக் காட்டும். கேமரா 2 எம்பிதான், பெட்டியிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கும், விற்றவர் பொய் சொல்லவும் இல்லை. ஆனால் மேலே சொன்ன 17 அடி இப்போது எட்டரை அடி. உங்கள் கொட்டேஷனில் முதலில் மாற்ற வேண்டியது இதுதான். “1080பி முழுமையாக, நான்கு சானலிலும், குறைந்தது 15 எஃப்பிஎஸ்ஸில் பதிவு செய்யும் டிவிஆர்” என்று எழுதி வாங்குங்கள். 5 எம்பி டிவிஆர் எடுத்தாலும் ‘5எம் லைட்’, ‘5எம்-என்’ என்ற வால் இருக்கிறதா பாருங்கள். அதே கதைதான். எஃப்பிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை படம். கடைக்கு 15 போதும். 25-க்குப் பணம் கொடுப்பதை விட அந்தப் பணத்தை டிஸ்க்கில் போடலாம்.

நான்கு கேமராவுக்கும் ஒரே 3.6 என்று எழுதியிருப்பது மாட்டுகிறவரின் வசதிக்காக. கல்லாவுக்கு மேலே 2 மீட்டர் தூரத்தில் மாட்டும் கேமராவுக்கு 3.6 சரி, 3 மீட்டர் அகலம் தெரியும், மீட்டருக்கு 640 புள்ளி விழும், ரூபாய் நோட்டு எந்த நோட்டு என்று தெரிந்துவிடும். கிடங்குக்கு 2.8 போதும், மூலை முடுக்கு எல்லாம் வந்துவிடும். வாசலில் உள்ளே வருகிற முகத்தைப் பிடிக்க வேண்டிய கேமராவுக்கு 6 எம்எம் கேளுங்கள். அதையும் பத்தடி உயரத்தில் மாட்டவிடாதீர்கள். வழுக்கையும் தொப்பியும்தான் தெரியும். ஏழெட்டு அடி உயரம், முகத்துக்கு நேராக. கை எட்டிவிடுமே என்றால், ஐகே10 என்று குறித்த, தட்டினால் உடையாத டோம் வகை எடுக்கலாம். எந்த இடத்துக்கு எந்த எம்எம் என்று முடிவு செய்ய முடியாவிட்டால் ‘வேரிஃபோக்கல் 2.8–12’ இருக்கிறது, திருகிச் சரிசெய்யலாம், விலை கூட. அதன் ஃபோக்கஸை இருட்டிய பிறகு, கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியும்போது சரிபாருங்கள். பகலில் கூர்மையாக வைத்தது மலிவான லென்ஸில் ஐஆர் ஒளிக்கு விலகிவிடும்.

டிஜிட்டல் ஜூம் பற்றி ஒரு வரி. பதிவான படத்தைப் பெரிதாக்கினால் புள்ளிகள் பெரிதாகுமே தவிர, இல்லாத முகம் வராது.

தெருவைப் பார்த்த வாசலுக்கு இன்னொரு சொல் வேண்டும், உங்கள் கொட்டேஷனில் அது இல்லை: டபிள்யூடிஆர். வெயில் நேரத்தில் வாசல் வழியாக வருகிறவரின் பின்னால் வெளிச்சம் கொட்டும். சாதாரணக் கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு, ஆளைக் கறுப்பு நிழலாக்கிவிடும். உண்மையான டபிள்யூடிஆர், குறைந்த ஒளிப்பதிவு ஒன்றும் கூடிய ஒளிப்பதிவு ஒன்றும் எடுத்து இரண்டையும் சேர்க்கிறது. டேட்டாஷீட்டில் ‘120 டெசிபெல்’ என்று இருந்தால் அது. ‘டிடபிள்யூடிஆர்’ அல்லது ‘டிஜிட்டல் டபிள்யூடிஆர்’ என்றால் ஒரே படத்தின் இருட்டுப் பகுதியைச் செயற்கையாக வெளுப்பாக்குவது. முகம் தெரியாது, இரைச்சல் புள்ளிகள்தான் தெரியும். பிஎல்சி நடுப்பகுதியை மட்டும் வெளுப்பாக்கும், பின்னணி முழுக்க வெள்ளையாகிவிடும். எச்எல்சி வண்டி ஹெட்லைட்டை மறைக்க உதவும். மூன்றையும் ஒன்றாகப் போடும் வசதி பல கேமராக்களில் இல்லை. வாசல் கேமராவுக்கு உண்மையான டபிள்யூடிஆர் மட்டும் போதும். கல்லாவுக்கும் கிடங்குக்கும் அது தேவையில்லை, அங்கே மிச்சம் பிடியுங்கள்.

‘ஐஆர் 20 மீட்டர்’ என்பது 20 மீட்டரில் முகம் தெரியும் என்ற உறுதிமொழி அல்ல. அதுவரை ஒளி போய்த் திரும்பும், அவ்வளவுதான். பெரும்பாலான ஐஆர் எல்இடி 850 நானோமீட்டர். இருட்டில் உற்றுப் பார்த்தால் மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 வகை தெரியவே தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. கேமராவுக்குள் ஐஆர் கட் ஃபில்டர் என்ற சிறு கண்ணாடித் தகடு இருக்கிறது. பகலில் சென்சாருக்கு முன்னால் நின்று ஐஆர் ஒளியைத் தடுக்கும், இருட்டினதும் ‘டிக்’ என்று நகர்ந்து வழிவிடும். சாயங்காலம் கேமரா அருகே நின்றால் அந்தச் சத்தம் காதில் விழும். தகடு சிக்கிக்கொண்டால் பகல் படம் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும், கறுப்புச் சட்டை ஊதாவாகும், மரத்தின் இலை வெளுத்துப்போகும். பலர் இதைக் கேபிள் கோளாறு என்று நினைத்து கேபிள் முனையில் உள்ள பிஎன்சி கனெக்டரை மாற்றிக்கொண்டிருப்பார்கள். மெனுவில் பகல்/இரவு முறையைக் கையால் மூன்று நான்கு முறை மாற்றிப் பாருங்கள். சில நேரம் விடுபடும். இல்லையென்றால் வாரண்டிக்கு அனுப்புவதுதான்.

ஐஆரின் பெரிய எதிரி சிலந்தி. கேமரா முன்னால் ஒரே ஒரு நூல் தொங்கினால்கூட, இரவில் அது டியூப்லைட் மாதிரி திரையை வெட்டிக்கொண்டு நிற்கும். நூல் ஆடும்போதெல்லாம், அசைவைக் கண்டறியும் மோஷன் டிடெக்ஷன் வேலை செய்து, ராத்திரி முழுக்க அலாரம் வரும். மாதம் ஒருமுறை துடைப்பத்தை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் படம் வரும் என்று டேட்டாஷீட்டில் ‘0.01 லக்ஸ்’ என்று இருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள். எவ்வளவு நேரம் ஷட்டர் திறந்திருந்து அந்த எண் வந்தது என்று பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருந்தால் படம் வெளிச்சமாகும், நடக்கிற ஆள் புகை மாதிரி இழுபடுவார். இரவிலும் வண்ணப் படம் தரும் வகைகளுக்கு எஃப்1.0 போன்ற அகலத் திறப்பு லென்ஸும் வெள்ளை விளக்கும் துணை நிற்கின்றன. விளக்கைத் தெருவாசி ஒருவர் எதிர்ப்பார் என்றால், கடை வாசலில் ஒரு 9 வாட் எல்இடி பல்பு எரியவிடுவது மலிவான மாற்று. ட்யூப்லைட்டின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் டிவிஆரில் என்டிஎஸ்சி என்று, 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான வீடியோ முறை இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் ‘பிஏஎல்’ (PAL) என்ற முறைக்கு மாற்றுங்கள்.

எச்.265+ பற்றி. எச்.264, எச்.265 இரண்டும் படத்தைச் சுருக்கும் முறைகள். பின்னது ஏறக்குறைய அதே தெளிவைக் குறைந்த இடத்தில் வைக்கும். ப்ளஸ் வகை, அசையாத பின்னணியை இன்னும் இறுக்கும். கிடங்கில் நல்ல மிச்சம். தெருவைப் பார்த்த வாசலில், நாள் முழுக்க வண்டி ஓடும் இடத்தில், பெரிய மிச்சம் இல்லை. மரம் ஆடினாலும் மழை பெய்தாலும் இரவு இரைச்சல் கூடினாலும் அளவு ஏறும். ப்ளஸ்ஸில் முழுப்படம் அரிதாகவே பதிவாவதால், பிளேபேக்கில் ஐந்து நொடி பின்னால் போக நினைத்தால் எங்கோ போய் நிற்கும். கிடங்குக்கு ப்ளஸ், வாசலுக்கும் கல்லாவுக்கும் வெறும் எச்.265 என்று சானல் சானலாக வைக்கலாம்.

டிஸ்க் கணக்குக்கு எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட் பதிவாகிறது (பிட்ரேட்) என்று தெரிந்தால் போதும். பிட்ரேட் 1 எம்பிபிஎஸ் என்றால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி. 2 எம்பி கேமராவை எச்.265-இல் 2 எம்பிபிஎஸ் வைத்தால் நாளுக்கு 21.6 ஜிபி, நான்கு கேமராவுக்கு 86.4 ஜிபி. அப்படியானால் 1 டெராபைட்டில் பதினொன்றரை நாள். அதன் பிறகு பழையதன் மேல் எழுத ஆரம்பிக்கும். சரக்குக் குறைவதை மாதக் கடைசியில்தான் கண்டுபிடிக்கிற கடைக்கு 30 நாள் வேண்டும்; 2.6 டெராபைட் வருகிறது, எனவே 4 டெராபைட் வாங்குங்கள். டிவிஆர் எவ்வளவு பெரிய டிஸ்க்கை ஏற்கும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுகிறவர் “1 டெராபைட்டில் ஒரு மாதம் வரும்” என்றால், பிட்ரேட்டை 800 கேபிபிஎஸ் அளவுக்கு இறக்கி வைக்கப்போகிறார் என்று பொருள். அசையாமல் நிற்கும்போது படம் நன்றாகவே இருக்கும். ஆள் ஓடும்போதுதான் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். டிஸ்க் ‘சர்வைலன்ஸ்’ வகையாக இருக்கட்டும்: டபிள்யூடி பர்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை. இடைவிடாமல் 24 மணி நேரமும் எழுதுவதற்கென்று அமைக்கப்பட்டவை. கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிஸ்க்கைப் போட்டால், ஒரு பழுதான இடத்தைப் படிக்கப் போராடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பதிவு விட்டுப்போகும்.

3+1 கேபிள் என்றால் ஒரு மெல்லிய கோஆக்ஸ், படத்துக்கு. கூடவே மூன்று கம்பிகள், மின்சாரத்துக்கும் தேவைப்பட்டால் ஒலிக்கும். இந்தக் கேபிளில்தான் அதிகம் ஏமாற்று. செம்பு என்று விற்பதில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். இதன் விளைவு பகலில் தெரியாது. 0.2 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.086 ஓம். 40 மீட்டர் தூரத்துக் கேமராவுக்குப் போக வர 80 மீட்டர், கிட்டத்தட்ட 7 ஓம். பகலில் கேமரா 0.15 ஆம்பியர் எடுத்தால், அனுப்பும் 12 வோல்ட்டில் 1 வோல்ட் விழும், 11 வோல்ட் போய்ச் சேரும், ஒன்றும் ஆகாது. இரவில் ஐஆர் எரிந்து 0.4 ஆம்பியர் ஆனால் செம்பிலேயே 9.2 வோல்ட்தான் மிஞ்சும், பூச்சுக் கம்பியில் 8-க்கும் கீழே. கேமரா அணைந்துவிடும். அணைந்ததும் சுமை போய் வோல்ட்டேஜ் ஏறும், மறுபடி உயிர் வரும், படம் தெரியும், இருட்டு என்று கண்டு ஐஆரைப் போடும், மறுபடி அணையும். விடிய விடிய ‘வீடியோ லாஸ்’, விடிந்ததும் கேமரா நன்றாக இருக்கும். டெக்னீஷியன் பகலில் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லையே என்று போய்விடுவார். மல்டிமீட்டரை இரவில், கேமரா முனையில், ஐஆர் எரியும்போது வைத்துப் பார்க்க வேண்டும். பகலில் சோதிக்க வேண்டுமென்றால் கேமராவின் முகத்தைக் கறுப்புத் துணியால் மூடினால் ஐஆர் எரியும்.

கேமராக்களுக்கு மின்சாரம் தரும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ்; 5 ஆம்பியர் நான்கு கேமராவுக்குத் தாராளம். மேலே சொன்ன கோளாறுக்கு 10 ஆம்பியர் மாற்றித் தருகிறேன் என்பார்கள். பயனில்லை, குறை கம்பியில். தூரத்துக் கேமராவுக்குத் தடித்த கம்பி தனியாக இழுங்கள், அல்லது அதன் அருகிலேயே ஒரு 12 வோல்ட் அடாப்டர் வையுங்கள்.

நெட்வொர்க் கேபிளில் படம் அனுப்பும் ஐபி கேமராவும் அதற்கான பதிவுப் பெட்டியான என்விஆரும் எடுத்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் போகும். ஒரே கேட்6 கேபிளில் படமும் மின்சாரமும் செல்வது பிஓஇ. 48 வோல்ட் சுற்றில் அனுப்புவதால் இழப்பு குறைவு. 802.3ஏஎஃப் வகை ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், கேமராவுக்கு 12.95 வாட் போய்ச் சேரும். ஏடி வகை 30 வாட். கேபிள் நீளம் 100 மீட்டருக்கு மேல் கூடாது. பிஓஇ சுவிட்ச்சின் மொத்த வாட்டையும் பாருங்கள், போர்ட் எட்டு இருந்தாலும் எல்லாப் போர்ட்டுக்கும் முழுச் சக்தி கொடுக்கும் என்பதில்லை. வேறு கம்பெனிக் கேமராவைச் சேர்க்க வேண்டுமானால் ஆன்விஃப் என்ற பொதுத் தரம் வேண்டும், எச்.265 ஓட வேண்டுமென்றால் அதில் ‘ப்ரொஃபைல் டி’ (T) இருக்கிறதா கேளுங்கள், பழைய ‘ப்ரொஃபைல் எஸ்’ (S) அதற்கு உறுதி தராது. நான்கு கேமரா, 90 மீட்டர் கேபிள் என்ற அளவில் டிவிஆரே போதும் என்பது என் கருத்து. எட்டைத் தாண்டும் திட்டம் இருந்தால் இப்போதே என்விஆர்.

ஐபி66, ஐபி67 என்பது தண்ணீர், தூசித் தடுப்பு எண். ஐபி கேமராவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த எண் கேமரா உடம்புக்குத்தான், அதன் வாலில் தொங்கும் கனெக்டருக்கு இல்லை. பிஎன்சியும் டிசி பின்னும் மழையில் தொங்கினால் ஓர் ஐப்பசி தாங்காது, பச்சைக் களிம்பு பிடித்துவிடும். ஜங்ஷன் பாக்ஸ் கொட்டேஷனில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள், சில்லறைச் செலவு. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையோடு கூடிய பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். பெட்டியில் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இல்லாத சரக்கை எடுக்காதீர்கள்.

கடைசியாக ‘மொபைல் வியூ இலவசம்’. க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, கம்பெனியின் சர்வர் வழியாக டிவிஆரோடு இணைந்து பார்ப்பது பி2பி முறை. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளி இணையத்திலிருந்து டிவிஆருக்கு நேரடி வழி திறப்பது, போடச் சம்மதிக்காதீர்கள். திறந்த போர்ட்டும் மாற்றாத பாஸ்வேர்டும் உள்ள டிவிஆர்களைத்தான் 2016-இல் மிராய் வைரஸ் லட்சக்கணக்கில் பிடித்தது. போனில் தெரிவது ‘சப் ஸ்ட்ரீம்’, மங்கலாகத்தான் இருக்கும். டிஸ்க்கில் பதிவாவது ‘மெயின் ஸ்ட்ரீம்’. சம்பவம் நடந்தால் போன் திரையை ரெக்கார்டு செய்து போலீசுக்கு அனுப்பாதீர்கள். டிவிஆரில் பென்டிரைவ் செருகி மெயின் ஸ்ட்ரீமை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். டிவிஆர் கடிகாரம் உண்மை நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் தள்ளி ஓடுகிறது என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியைப் போட்டு நேர மண்டலம் +5:30 வைத்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63 சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹாஷ் எண்ணும் (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எழுத வேண்டும். அதனால் எக்ஸ்போர்ட் செய்த கோப்பை வெட்டாமல், வாட்ஸ்அப்பில் சுருக்காமல் அப்படியே வையுங்கள். அட்மின் பாஸ்வேர்டு மாட்டுகிறவரிடம் மட்டும் இருந்தால் இதில் எதையும் உங்களால் செய்ய முடியாது. பாக்கிப் பணம் கொடுக்கும் முன் அதை நீங்களே டைப் செய்து மாற்றி, அவர் எதிரிலேயே ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள்.